படத்தில் தெரியும் இடைவெளி: யுபிக்விட்டின் குடும்பப் புரதங்களை ஒட்டும் நொதிகள்

புற்றுநோய்க்கான புதிய மருந்துகளைப் பற்றிய செய்திகளில் ‘புரதச் சிதைப்பான்’ என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. தொல்லை தரும் புரதத்தின் வேலையைத் தடுப்பதோடு நில்லாமல், செல்லுக்குள் ஏற்கெனவே இயங்கிவரும் சிதைப்பு ஏற்பாட்டை அதன்மேல் ஏவிவிடும் மருந்துகள் இவை. யுபிக்விட்டின், நெட்8, குல்லின், செரிப்ளான் என்று பெயர்கள் வரிசைகட்டி வரும். பக்கத்தில் வண்ண நாடாக்கள் சுருண்டு கிடக்கும் ஒரு படமும் இருக்கும். அந்தப் படத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழும். ஒன்றோடொன்று வினைபுரிய வேண்டிய இரண்டு இடங்கள் ஏன் இவ்வளவு தள்ளி இருக்கின்றன?

சந்தேகம் நியாயமானது. இந்தத் துறையின் ஆய்வாளர்களுக்கே அது மூன்று முறை வந்திருக்கிறது. 1999இல் ஒரு வகை நொதியின் படம் வெளியானபோது இடைவெளி 41 ஆங்ஸ்ட்ராம். 2002இல் இன்னொரு வகையில் ஏறத்தாழ 50. 2003இல் மூன்றாவது வகையில் 30க்கும் மேல். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் நீளம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் என்பதை நினைவில் கொண்டால், 50 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும் இரண்டு தொகுதிகள் வினைபுரிவது நடக்காத காரியம். ஆனாலும் ஒவ்வொரு செல்லிலும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த நொதிகளின் கட்டமைப்பு உயிரியல் கடந்த 25 ஆண்டுகளில் செய்தது பெரும்பாலும் அந்த இடைவெளிகளுக்கு விடை தேடியதுதான்.

ஒட்டப்படும் பொருள்

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். ஈஸ்டின் யுபிக்விட்டினுக்கும் மனித யுபிக்விட்டினுக்கும் மூன்றே அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு. பரிணாமம் இவ்வளவு கண்டிப்பாகக் கைவைக்காமல் விட்ட புரதங்கள் குறைவு. பீட்டா இழைகளால் ஆன ஒரு தகடு ஓர் ஆல்ஃபா சுருளை வளைத்துப் பிடித்திருக்கும் அமைப்பு இதற்கு. இதைப் பீட்டா பிடி மடிப்பு என்கிறார்கள். உடல் பகுதி இறுக்கமானது; வால் மட்டும் நெகிழ்ந்து நீண்டிருக்கும். வாலின் கடைசி இரண்டு அமினோ அமிலங்களும் கிளைசின். அந்தக் கடைசிக் கிளைசினின் கார்பாக்ஸில் தொகுதியும், இலக்குப் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றின் பக்கக் கிளையில் இருக்கும் அமினோ தொகுதியும் சேர்ந்து உண்டாக்குவது ஐசோபெப்டைடு பிணைப்பு. ஒட்டுதல் என்று இந்தக் கட்டுரை சொல்வதெல்லாம் இந்தப் பிணைப்பைத்தான்.

ஒட்டப்பட்ட யுபிக்விட்டினிலும் ஏழு லைசின்கள் உண்டு. அவற்றின்மேல் அடுத்த யுபிக்விட்டினை ஒட்டினால் சங்கிலி உருவாகும். 48ஆவது லைசின் வழியே வளரும் சங்கிலி, புரோட்டியசோம் என்ற சிதைப்பு இயந்திரத்துக்கு இலக்கை அனுப்பும் முதன்மையான அடையாளம். இந்தச் சிதைப்பு முறையைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சிச்சனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

இதே மடிப்பைக் கொண்ட உறவினர் புரதங்கள் பல உண்டு. ஒட்டப்படும் முறை அநேகமாக ஒன்றே. ஒட்டிய பின் அது தரும் அர்த்தம்தான் வேறு.

- சுமோ: பெரும்பாலும் உட்கருப் புரதங்களில் ஒட்டப்படுகிறது. அமினோ அமில வரிசையில் யுபிக்விட்டினோடு ஒற்றுமை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மடிப்போ அச்சு அசலாக அதேதான்.
- நெட்8: வரிசையில் யுபிக்விட்டினுக்கு மிக நெருங்கிய உறவு, கிட்டத்தட்ட 60 விழுக்காடு ஒற்றுமை. ஆனால் வேலை முற்றிலும் வேறு.
- ஐஎஸ்ஜி15: இரண்டு யுபிக்விட்டின்களைத் தொடுத்தது போன்ற வடிவம். வைரஸ் தாக்கும்போது இன்டர்ஃபெரான் இதைப் பெருகச் செய்கிறது.
- யுஎஃப்எம்1: புரதம் தயாரிக்கும் ரைபோசோமோடு தொடர்புடையது.
- ஏடிஜி8, ஏடிஜி12: செல் தன் உறுப்புகளைத் தானே விழுங்கும் தன்விழுங்கல் நிகழ்வில் பங்குபெறுபவை. இவற்றில் ஏடிஜி8 புரதத்தில் ஒட்டுவதில்லை; செல்லுக்குள் இருக்கும் சவ்விலுள்ள பாஸ்படிடைல் எத்தனாலமைன் என்ற கொழுப்பில் போய் ஒட்டுகிறது.

ஏன் மூன்று நொதிகள்?

கார்பாக்ஸில் தொகுதியும் அமினோ தொகுதியும் சேர்ந்து தண்ணீரை வெளியேற்றி ஒரு பிணைப்பு உண்டாக வேண்டும். நீர் நிறைந்த செல்லுக்குள் அது தானாக நடக்காது. ஆற்றல் செலவிட வேண்டும். அந்த ஆற்றலைச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து எடுத்து, வீணாகாமல் இலக்கு வரை கடத்திச் செல்ல வேண்டும். கடத்தும் வழி இது:

1. இ1 என்ற செயலூக்கி நொதி, ஏடிபியை உடைத்து யுபிக்விட்டினின் வாலில் அதன் ஒரு துண்டான ஏஎம்பியைச் சேர்க்கிறது. இது அடினைலேற்றம். பைரோபாஸ்பேட் வெளியேறுகிறது.
2. அதே இ1இலுள்ள சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் ஒன்று வாலைத் தாக்குகிறது. ஏஎம்பி விலகி, யுபிக்விட்டினுக்கும் நொதியின் கந்தகத்துக்கும் இடையே தயோஎஸ்டர் பிணைப்பு உண்டாகிறது. ஆற்றல் இப்போது இந்தப் பிணைப்பில் தங்கியிருக்கிறது.
3. இ2 என்ற கடத்தி நொதியின் சிஸ்டீனுக்கு யுபிக்விட்டின் கைமாறுகிறது. இதுவும் தயோஎஸ்டர்தான்.
4. இ3 என்ற இணைப்பு நொதி இலக்கைப் பிடித்து வந்து, இ2 சுமந்திருக்கும் யுபிக்விட்டினை இலக்கின் லைசினுக்கு மாற்ற வைக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் காரணம் விளங்கும். மனிதரில் யுபிக்விட்டினுக்கும் அதன் உறவினர்களுக்கும் சேர்த்து இ1 மொத்தம் எட்டுதான். இ2 நாற்பதை ஒட்டி. இ3களோ அறுநூறுக்கும் மேல். ஆற்றல் செலவிடும் வேலை ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. எதை ஒட்டுவது, எதை விடுவது என்ற தேர்வு நூற்றுக்கணக்கான நொதிகளிடம் பரவிக் கிடக்கிறது.

இந்த முறையின் மூதாதையர் பாக்டீரியாவில் இருக்கிறார்கள் என்பது 2001இல் உறுதியானது. மாலிப்டினம் துணைக்காரணியைத் தயாரிக்கும் பாதையில் மோயேடி என்ற சிறு புரதமும் மோயிபி என்ற நொதியும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பு அந்த ஆண்டு வெளியானது. மோயேடியின் மடிப்பு யுபிக்விட்டினுடையது. அதன் வாலிலும் இரண்டு கிளைசின்கள். மோயிபி அந்த வாலை அடினைலேற்றம் செய்கிறது. ஆனால் அங்கே எந்தப் புரதத்திலும் ஒட்டும் வேலை இல்லை, கந்தகத்தைச் சுமந்து செல்வது மட்டுமே. கந்தகம் கடத்தப் பிறந்த வேதியியல்தான் பிற்பாடு புரதம் ஒட்டும் வேலைக்குத் திருப்பிவிடப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

முதல் இடைவெளி: இ1இன் 130 பாகைத் திருப்பம்

நெட்8க்கான இ1, ஏபிபிபி1 (என்ஏஇ1 என்றும் பெயர்), யூபிஏ3 என்ற இரு புரதங்களின் கூட்டு. 2003இல் பிரெண்டா ஷுல்மனின் ஆய்வகம் இதன் படிக அமைப்பை வெளியிட்டது. பெரிய பள்ளம் ஒன்று. அதன் ஒரு புறம் ஏடிபி அமரும் அடினைலேற்றக் களம். மற்றொரு புறம் சிஸ்டீன் இருக்கும் களம். களம் என்பது புரதத்தில் தனித்து மடிந்து நிற்கும் ஒரு பகுதி. மூன்றாவதாக, இ2வைப் பிடிக்கும் ஒரு களமும் உண்டு. அதுவும் யுபிக்விட்டின் மடிப்பையே கொண்டிருப்பது வேடிக்கை. படம் தெளிவாக இருந்தது. சிக்கலும் தெளிவாக இருந்தது. ஏஎம்பி ஏறிய வால் ஒருபுறம், அதைத் தாக்க வேண்டிய சிஸ்டீன் 30 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால். சுமோவின் இ1 2005இலும் யுபிக்விட்டினின் இ1 2008இலும் வெளியானபோது அதே காட்சி திரும்ப வந்தது.

விடை 2010இல் கிறிஸ்டோபர் லிமாவின் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் கையாண்ட உத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தத் துறையின் பாதித் திறமை அதில்தான் இருக்கிறது. படிகத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே நிலையில் அடுக்கப்பட்டிருந்தால்தான் எக்ஸ் கதிர் படம் கிடைக்கும். வினையின் நடுவில் கணநேரம் மட்டும் தோன்றும் வடிவம் ஒருபோதும் அப்படி அடுக்கி நிற்காது. ஆகவே வினையை நடுவழியில் உறைய வைக்க வேண்டும். சுமோவின் வாலில் இயற்கையான ஏஎம்பிக்குப் பதிலாக அதைப் போலவே இருக்கும் இரண்டு வேதித் தொகுதிகளைத் தனித்தனியே பொருத்தினார்கள். முதலாவது, சிஸ்டீனால் உடைக்க முடியாதது. ஆகவே நொதி அடினைலேற்ற நிலையில் நின்றுவிட்டது. இரண்டாவதில் வினைல் சல்ஃபோனமைடு இருந்தது. சிஸ்டீன் தாக்கியதும் அது விலகிப் போகாமல் சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைந்துகொண்டது. இரண்டாவது வினைநிலையை அப்படியே பிடித்துவைத்த பொறி அது.

பொறியில் சிக்கிய நொதி வேறு உருவத்தில் இருந்தது. சிஸ்டீன் களம் முழுவதுமாக ஏறத்தாழ 130 பாகை சுழன்று, வாலுக்கு அருகே வந்து நின்றது. அதைவிட வியப்பானது வினைமையத்துக்குள் நடந்த மாற்றம். அடினைலேற்றத்துக்குத் தேவையான அமினோ அமிலங்களில் பல அந்த இடத்தைக் காலி செய்திருந்தன. தயோஎஸ்டர் வினைக்குத் தேவையானவை அந்த இடத்துக்கு வந்திருந்தன. ஒரே வினைமையம் தன் உறுப்புகளையே மாற்றிக்கொண்டு இரண்டு வெவ்வேறு வேதிவினைகளைச் செய்கிறது. நொதியியல் பாடநூல்களில் வரும் பூட்டு, சாவி விளக்கம் இதற்குப் போதவே போதாது.

சுழற்சி அத்தோடு முடியவில்லை. நெட்8ஐ சிஸ்டீனில் சுமந்த இ1, தன் அடினைலேற்றக் களத்தில் இரண்டாவது நெட்8ஐயும் ஏற்றிக்கொள்கிறது. இப்படி இரண்டையும் சுமந்த நிலையில் இ2வும் சேர்ந்திருக்கும் அமைப்பை ஷுல்மன் குழு 2007இலேயே பிடித்திருந்தது. அதில் இ2வைப் பிடிக்கும் களம் ஏறக்குறைய 120 பாகை திரும்பி, இ2இன் சிஸ்டீனை இ1இன் சிஸ்டீனுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. தன் நெட்8ஐக் கொடுத்து முடித்ததும் இ1க்கு இ2வைப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்ந்துவிடும். கொடுப்பதற்கு ஒன்று, அடுத்த சுற்றுக்கு ஒன்று என்ற ஏற்பாடு.

ஆள் மாறாட்டம் நிகழாதது எப்படி?

நெட்8உம் யுபிக்விட்டினும் இவ்வளவு ஒத்திருக்கும்போது, ஒன்றின் இ1 மற்றொன்றை ஏற்றிவிடாதா? தடை 72ஆவது அமினோ அமிலத்தில் இருக்கிறது. யுபிக்விட்டினில் அந்த இடத்தில் ஆர்ஜினின், அதாவது நேர்மின் ஏற்றம் கொண்ட நீண்ட பக்கக் கிளை. நெட்8இல் அங்கே அலனின், ஏற்றமற்ற சிறு கிளை. நெட்8இன் இ1இலுள்ள யூபிஏ3இல், வால் வந்து அமரும் இடத்துக்குப் பக்கத்தில் 190ஆவது இடத்தில் ஓர் ஆர்ஜினின் இருக்கிறது. யுபிக்விட்டின் வந்தால் நேர்மின்னும் நேர்மின்னும் விலக்கிக்கொள்ளும். நெட்8 வந்தால் தடையில்லை. 76 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று வாசலைக் காக்கிறது.

இ2: சிறிய நொதி, கண்டிப்பான வரிசைமுறை

இ2வின் மையக் களம் சுமார் 150 அமினோ அமிலங்கள் கொண்டது; எல்லா இ2விலும் அநேகமாக ஒரே மடிப்பு. கட்டமைப்புகளை ஒப்பிட்டதில் தெரியவந்த முக்கியமான உண்மை ஒன்று: இ1 வந்து பிடிக்கும் பரப்பும் இ3 வந்து பிடிக்கும் பரப்பும் பெருமளவு ஒன்றுதான். ஆகவே இ3ஐப் பிடித்துக்கொண்டிருக்கும் இ2, இ1இடமிருந்து புதிய யுபிக்விட்டினை வாங்க முடியாது. கொடுத்துவிட்டு, விலகி, இ1இடம் போய் ஏற்றிக்கொண்டு, திரும்பி வர வேண்டும். நீண்ட சங்கிலி ஒன்று வளர வேண்டுமென்றால் இந்தப் பயணம் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இ3க்கும் இ2வுக்கும் இடையிலான பிணைப்பு பல நேரங்களில் வலுவற்றதாக இருப்பதன் தர்க்கம் இதுதான். வலுவாகப் பிடித்துவைத்தால் வேலை நின்றுவிடும்.

சுமோவுக்கு ஒரே ஓர் இ2தான்: யூபிசி9. இதற்கு இலக்கைத் தானே அடையாளம் காணும் அபூர்வத் திறன் உண்டு. லைசினுக்கு முன்னால் ஒரு நீர்வெறுக்கும் அமினோ அமிலம், லைசினுக்குப் பின் ஏதோ ஒன்று, அதற்கடுத்து குளுட்டாமேட் என்ற நான்கெழுத்து வரிசையை யூபிசி9 நேரடியாகப் பற்றுகிறது. ரான்கேப்1 என்ற புரதத்தோடு யூபிசி9 சேர்ந்திருக்கும் படிகம் 2002இல் இதைக் காட்டியது.

இன்னொரு நுணுக்கமும் இங்கே இருக்கிறது. லைசினின் அமினோ தொகுதி சாதாரணமாக ஒரு புரோட்டானைக் கூடுதலாகச் சுமந்து நேர்மின் ஏற்றத்தோடு இருக்கும். அந்த நிலையில் அது எதையும் தாக்காது. புரோட்டானை உதிர்த்தாக வேண்டும். யூபிசி9இன் 85ஆவது ஆஸ்பராஜின், 87ஆவது டைரோசின், 127ஆவது ஆஸ்பார்டேட் மூன்றும் சேர்ந்து லைசினைச் சுற்றியுள்ள நீரை விலக்கி, அது புரோட்டானை எளிதில் இழக்கும் சூழலை உண்டாக்குகின்றன. புரோட்டானை வலிந்து பிடுங்க அங்கே தனியாக ஓர் அமினோ அமிலம் நிறுத்தப்படவில்லை. சுற்றுப்புறத்தை மாற்றினாலே போதும் என்பது யூபிசி9 கற்றுத்தந்த பாடம்.

இரண்டாவது இடைவெளி: இ3இன் மூன்று பாணிகள்

இ3கள் வேலை செய்யும் விதத்தில் மூன்று பெரிய வகைகள் உண்டு.

1. ரிங் வகை: இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி மடிந்த களம். யுபிக்விட்டினைத் தானே தொட்டு வாங்காது. இ2வையும் இலக்கையும் அருகருகே நிறுத்தும். எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை இதுவே.
2. ஹெக்ட் வகை: மனிதரில் 28. இ2விடமிருந்து யுபிக்விட்டினைத் தன் சிஸ்டீனுக்கு வாங்கி, பிறகு இலக்குக்குக் கொடுக்கும்.
3. ஆர்பிஆர் வகை: ரிங் போல இ2வைப் பிடித்து, ஹெக்ட் போலச் சிஸ்டீனில் வாங்கும் கலப்பினம். 2011இல்தான் இந்தக் கலப்பு வெளிப்பட்டது. பார்கின்சன் நோயோடு தொடர்புடைய பார்கின் இந்த வகை.

ஹெக்டின் முதல் அமைப்பு 1999இல் நிக்கோலா பாவ்லெடிச்சின் ஆய்வகத்திலிருந்து வந்தது. இ6ஏபி என்ற இ3, தன் இ2வோடு சேர்ந்திருந்த படம். இந்த நொதியின் மரபணு செயலிழப்பதுதான் ஏஞ்சல்மன் நோய்க்குறிக்குக் காரணம். இ2இன் சிஸ்டீனுக்கும் இ6ஏபியின் சிஸ்டீனுக்கும் இடையே 41 ஆங்ஸ்ட்ராம். ஹெக்ட் களத்தில் இரண்டு மடல்கள். அவற்றை இணைப்பது ஒரு சிறு இழை. அந்த இழை கதவுக் கீல் போல மடங்கும் என்ற ஊகம் அப்போதே சொல்லப்பட்டது. 2009இல் இன்னொரு ஹெக்ட் நொதியை யுபிக்விட்டின் ஏறிய இ2வோடு சேர்த்துப் படிகமாக்கியபோது மடல் சுழன்று வந்திருப்பதும், இரண்டு சிஸ்டீன்களும் சுமார் 8 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்கு நெருங்கியிருப்பதும் தெரிந்தன.

ரிங் வகையில் புதிர் வேறு மாதிரி. ரிங் எதையும் வாங்குவதில்லை, வினைமையம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை, ஆனாலும் அது பிடித்தவுடன் இ2வின் வேகம் பலமடங்கு கூடுகிறது. எதனால்? 2012இல் வெவ்வேறு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. ரிங் இல்லாதபோது இ2வின் மேல் ஏறிய யுபிக்விட்டின், வாலால் மட்டும் கட்டுண்டு எல்லாத் திசையிலும் அலைந்துகொண்டிருக்கிறது. ரிங் வந்ததும் அதன் ஓர் ஆர்ஜினின் இ2வையும் யுபிக்விட்டினையும் ஒருசேரப் பிடித்து, யுபிக்விட்டினை இ2வின் உடலோடு மடக்கி நிறுத்துகிறது. வால் விறைத்து, தயோஎஸ்டர் பிணைப்பு லைசினின் தாக்குதலுக்கு ஏற்ற கோணத்தில் அமைகிறது. மூடிய நிலை என்று இதற்குப் பெயர். அலையும் ஒன்றை நிறுத்துவதே ஊக்கம். ஆர்என்எஃப்4 என்ற இ3இல் இதைப் பிடிக்க, இ2வின் சிஸ்டீனை லைசினாக மாற்றி, எளிதில் உடையும் தயோஎஸ்டருக்குப் பதில் நிலையான ஐசோபெப்டைடு பிணைப்பை வைத்தார்கள். இங்கும் பொறிதான் வேலை செய்தது.

பார்கின் பற்றி ஒரு வரி. 2013இல் வெளியான அதன் படிக அமைப்புகள் தன்னைத் தானே பூட்டிக்கொண்ட நொதியைக் காட்டின: வினைபுரியும் சிஸ்டீன் மறைக்கப்பட்டு, இ2 வந்து அமரும் இடம் அடைபட்டிருந்தது. பிங்க்1 என்ற கைனேஸ், யுபிக்விட்டினின் 65ஆவது செரினிலும் பார்கினின் அதையொத்த செரினிலும் பாஸ்பேட்டைச் சேர்க்கும்போதுதான் பூட்டு திறக்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மேல் மட்டும் அது விழித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது இடைவெளி: குல்லினும் நெட்8உம்

ரிங் வகை இ3களில் குல்லின்–ரிங் நொதிகள் மட்டும் மனிதரில் இருநூறுக்கும் மேல். வளைந்த நீண்ட குல்லின் புரதத்தின் ஒரு முனையில் இலக்கைப் பிடிக்கும் துணைப் புரதம். மறுமுனையில் ஆர்பிஎக்ஸ்1 என்ற ரிங். 2002இல் இதன் முழு அமைப்பு கிடைத்தபோது இலக்குக்கும் இ2வுக்கும் இடையே சுமார் 50 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் இருந்தது. இவ்வளவு விறைப்பான பெரிய வளைவை எது மடக்கும்?

நெட்8 வரும் இடம் இதுதான். குல்லினின் வால் பகுதியிலுள்ள ஒரு லைசினில் (குல்லின்1இல் அது 720ஆவது) நெட்8 ஒட்டப்படுகிறது. 2008இல் வந்த படம், நெட்8 ஒட்டியதும் ஆர்பிஎக்ஸ்1 தன் பிடியிலிருந்து விடுபட்டு ஒரு நெகிழ்ந்த இழையின் முனையில் ஆடத் தொடங்குவதைக் காட்டியது. வெற்றிடத்தைக் கடக்க வழி பிறந்தது. ஆனால் ஆடினால் மட்டும் போதுமா? எங்கே வந்து நிற்கிறது? அதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படிகம் தேவைப்படாத குளிர்நிலை மின்னணு நுண்ணோக்கியைக் கொண்டு, வினை நடக்கும் நிலையிலேயே முழு அமைப்பையும் ஷுல்மன் குழு படம் பிடித்தது. நெட்8 ஓரமாக ஒதுங்கியிருக்கவில்லை. இ2வின் பின்புறத்தைப் பற்றி, இலக்குக்கு எதிரே அதை நிறுத்தும் ஒரு தாங்கியாகவே மாறியிருந்தது. வெற்றிடம் மறைந்திருந்தது.

யுபிக்விட்டின் ஒட்டும் இயந்திரத்தை இயக்குவதற்கே யுபிக்விட்டினின் உறவினர் ஒன்று ஒட்டப்பட வேண்டும் என்பதும், இரண்டு ஒட்டுதல்களையும் அதே ஆர்பிஎக்ஸ்1தான் செய்கிறது என்பதும் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு என்று தயங்காமல் சொல்லலாம். வேலை முடிந்ததும் காப்9 சிக்னலோசோம் என்ற கூட்டு நெட்8ஐ வெட்டி எடுத்துவிடும்.

வழக்கத்துக்கு மாறானவை

மேலே சொன்ன இலக்கணத்தை எல்லா உறவினர்களும் மதிப்பதில்லை. ஏடிஜி8, ஏடிஜி12 இரண்டுக்கும் பொதுவான இ1 ஏடிஜி7. இது இரட்டையாகச் சேர்ந்து நிற்கும்; ஒரு பாதியின் சிஸ்டீனிலிருந்து மறு பாதி பிடித்திருக்கும் இ2வுக்குக் கைமாற்றம் நடக்கும். அதோடு ஏடிஜி12, ஏடிஜி5 என்ற புரதத்தில் ஒட்டப்பட்ட பின், அந்தக் கூட்டே ஏடிஜி8க்கு இ3ஆகிவிடுகிறது.

யுஎஃப்எம்1இன் இ3 கூட்டில் ரிங்கும் இல்லை, ஹெக்டும் இல்லை. 2024இல் வெளியான குளிர்நிலை நுண்ணோக்கிப் படங்களில் அது ரைபோசோமின் பெரிய துணை அலகை ஒரு கவ்வி போல் வளைத்துப் பிடித்திருந்தது. எண்டோபிளாச வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அலகை விடுவிப்பது அதன் பணி. ஐஎஸ்ஜி15க்கோ எதிரி வெளியிலிருந்து வருகிறான்: கொரோனா வைரஸின் பிஎல்ப்ரோ என்ற நொதி, மெனக்கெட்டு ஒட்டிய ஐஎஸ்ஜி15ஐ வெட்டிப் போடுகிறது.

மருந்துக்கும் நோய்க்கும் இதில் என்ன?

இந்த அசைவுகளைத் தெரிந்துகொண்டதன் விளைவுகள் மூன்று இடங்களில் தெளிவாகத் தெரிகின்றன.

1. பெவோனெடிஸ்டாட். நெட்8இன் இ1ஐத் தடுக்கும் சேர்மம். ஏஎம்பியைப் போன்ற உருவம் கொண்டது. ஆனால் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரவில்லை. சிஸ்டீனில் ஏறியிருக்கும் நெட்8ஐத் தாக்கி அதோடு தானே பிணைந்துகொள்கிறது. நொதி தன் கையாலேயே தன்னை அடைக்கும் பொருளைத் தயாரித்துக்கொள்கிறது. இ1 தயோஎஸ்டர் நிலையிலிருந்து மீண்டும் அடினைலேற்ற நிலைக்குத் திரும்பி வரக்கூடியது என்பதாலேயே இது சாத்தியம். இதே வழியில் யுபிக்விட்டின், சுமோ இவற்றின் இ1களுக்கும் சேர்மங்கள் உருவாயின. மருத்துவச் சோதனை முடிவு அவ்வளவு இனிமையாக இல்லை: எலும்பு மஜ்ஜை நோய்களுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் பெவோனெடிஸ்டாட் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. எல்லா குல்லின்களையும் ஒரேயடியாக நிறுத்தும் மருந்திடம் நுட்பமான தேர்வை எதிர்பார்ப்பது கடினம்.

2. வெக்சஸ் நோய்க்குறி. 2020இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. முதிய ஆண்களுக்குக் காய்ச்சல், குருத்தெலும்பு அழற்சி, ரத்தக் குறைபாடு என்று தொடர்பில்லாததுபோல் தோன்றும் பல கோளாறுகள் சேர்ந்து வரும் நோய். காரணம், எக்ஸ் குரோமோசோமிலுள்ள யூபிஏ1 என்ற யுபிக்விட்டின் இ1இன் மரபணுவில் பிறப்புக்குப் பின் ரத்த அணுக்களின் மூலச் செல்களில் ஏற்படும் மாற்றம். இந்த நொதியின் ஒரு வடிவம் முதல் மெத்தியோனினிலிருந்தும், செல்திரவத்தில் இயங்கும் மற்றொரு வடிவம் 41ஆவது மெத்தியோனினிலிருந்தும் தொடங்கி உருவாகும். பெரும்பாலான நோயாளிகளில் அந்த 41ஆவது இடம் மாறியிருக்கிறது. செல்திரவ வடிவம் குறைந்து, 67ஆவது மெத்தியோனினிலிருந்து தொடங்கும் திறனற்ற வடிவம் அதன் இடத்தைப் பிடிக்கிறது. மனிதரில் யுபிக்விட்டினுக்கு முதன்மையான இ1 இது ஒன்றுதான் என்பதால் பாதிப்பு ஓர் உறுப்போடு நிற்பதில்லை.

3. சிதைப்பு மருந்துகள். கருவிலிருந்த குழந்தைகளுக்குக் கொடிய ஊனங்களை விளைவித்ததால் 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு, செரிப்ளானைப் பற்றுகிறது என்பது 2010இல் தெரியவந்தது. செரிப்ளான், குல்லின்4 கூட்டில் இலக்கைப் பிடிக்கும் துணைப் புரதம். 2014இல் கிடைத்த படிக அமைப்பில், மருந்தின் ஒரு பாதி மூன்று டிரிப்டோஃபான்கள் சூழ்ந்த குழியில் அமர்ந்திருக்க, மறு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே நீண்ட அந்தப் பாதி செரிப்ளானின் பரப்பையே மாற்றி, அது இயல்பாகப் பிடிக்காத புரதங்களைப் பிடிக்க வைக்கிறது. தாலிடோமைடின் உறவான லெனாலிடோமைடு, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்களில் இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரு புரதங்களை ஒழிப்பது இப்படித்தான்.

செய்திகளில் வரும் இருமுனைச் சிதைப்பான்கள், அதாவது ஒரு முனையால் இ3ஐயும் மறு முனையால் நோய்ப் புரதத்தையும் பிடிக்கும் மூலக்கூறுகள், 2001இல் முதலில் முன்வைக்கப்பட்ட யோசனை. இரண்டு முனைகளும் வலுவாகப் பற்றினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆய்வகங்களில் அப்படி நிகழ்வதில்லை. இரண்டு புரதங்களையும் நன்றாகப் பற்றும் சேர்மம் ஒன்று எதையும் சிதைக்காமல் போவதும், பலவீனமாகப் பற்றும் இன்னொன்று திறமையாகச் சிதைப்பதும் நடக்கின்றன. மருந்து உண்டாக்கும் கூட்டில் நோய்ப் புரதம் எந்தக் கோணத்தில் நிற்கிறது, அதன் பரப்பிலுள்ள லைசின்களில் எது நெட்8 தாங்கிப் பிடித்த இ2வின் எட்டுக்குள் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இணைக்கும் சங்கிலியில் சில அணுக்கள் கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கோணம் மாறிவிடும். அதனால்தான் இந்த மருந்துகளை வடிவமைக்கும் குழுக்கள் பற்றும் வலிமையை அளப்பதோடு, மூன்று கூறுகளும் சேர்ந்த கூட்டின் அமைப்பையும் தனியே தீர்மானிக்க முயல்கின்றன.